துணியின் எடை

முயல் வந்த மூன்றாம் நாள் மதியம் அந்தச் சத்தம் கேட்டது. மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ பல்லைக் கடித்தார்கள்.

என் மனைவி கடைசி மாதங்களில் அப்படிக் கடிப்பாள். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பாள். பல் மட்டும் நறநறக்கும். அவள் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவள் படுத்திருந்த அந்த அறையில் இப்போது கட்டில்கூட இல்லை.

எச்சில் கையோடு எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.

கட்டில் நின்ற இடத்தில் தரையில் நான்கு தடங்கள் இருக்கின்றன. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அந்த நான்குக்கும் நடுவில் முயல் உட்கார்ந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. தாடை மட்டும் அசைந்தது.

"துரை," என்றேன்.

அது நிறுத்தவில்லை.

முயலைக் கொண்டுவந்தவள் என் மனைவியின் தங்கை. அவளுடைய அலுவலகத்தில் ஒருவர் வீட்டு முயல் ஐந்து குட்டி போட்டிருந்தது. இளைத்ததை இவள் தலையில் கட்டினார்கள். இவள் எங்கள் தலையில் கட்டினாள்.

"வீட்டுல இன்னொரு உசுரு இருக்கட்டும் மாமா. நீங்க ரெண்டு பேரும் சுவரைப் பாத்துக்கிட்டுச் சாப்பிடறதை என்னால பாக்க முடியல."

"இது ஒழுங்கா சாப்பிடுமா?"

"என்ன கேள்வி இது? முயலுக்கு வேற என்ன வேலை? ஆபீசுக்கா போகப்போகுது?"

அது சாப்பிடவில்லை. புல்லை முகரும். ஒன்றை இழுத்து வாயில் வைக்கும். இரண்டு மெல்லு மென்று கீழே போட்டுவிட்டுத் திரும்பிக்கொள்ளும். என் மகள் கீரை வைத்தாள், கேரட் வைத்தாள், கடையில் விற்கும் முயல் தீவனத்தை வைத்தாள். எதற்கும் அதே மரியாதைதான்.

"துரைக்கு நம்ம வீட்டுச் சாப்பாடு இறங்காது போல," என்றாள் மைத்துனி. பெயர் ஒட்டிக்கொண்டது.

கால்நடை டாக்டர் முயலின் வாயை விலக்கிச் சின்ன விளக்கு அடித்துப் பார்த்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, வீட்டிலேயே வைத்தியம் பார்ப்பவர். என்னை அவர் தராசுக்காரரே என்றுதான் கூப்பிடுவார். நான் தராசு பழுது பார்ப்பவன். அவருடைய தராசின்மேல் ஒரு பெரிய நாய் குதித்துச் சென்சாரை உடைத்திருந்தது. அந்தத் தராசு என் கடையில் உதிரிப் பாகத்துக்காகக் காத்திருந்தது.

"கடைவாய்ப் பல்லு ஓரம் ஊசி மாதிரி நீண்டிருக்கு. மெல்லறப்ப நாக்குல குத்துது. பசி இருக்கு, வாய் விடல. பல்லைக் கடிக்குதா?"

"கடிக்குது."

"வலி தாங்காமக் கடிக்கிறது."

"இப்பவே சரிபண்ணிடலாமா டாக்டர்?" என்றாள் மகள். அவளுக்குப் பதினோரு வயது. பெரியவர்கள் பேசும்போது நடுவில் பேசுவாள். அது அவள் அம்மாவின் பழக்கம்.

"பல்லைச் சீவி விட்டா சரியாகிடும். ஆனா மயக்கம் குடுக்கணும். இந்த ஒல்லிக்கு மயக்கம் தாங்காது. தொள்ளாயிரம் கிராமாவது வரட்டும். அதுக்குக் கீழ நான் தொட மாட்டேன்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் மேசையில் இருந்த பஞ்சு டப்பாவைப் பார்த்தேன். இந்த வாக்கியத்தை நாங்கள் இருவரும் முன்பே கேட்டிருந்தோம். வேறொரு ஆஸ்பத்திரியில், வேறொரு டாக்டர் சொன்னது. அப்போது எண் நாற்பது கிலோ.

டாக்டர் சொல்லச் சொல்ல மகள் எழுதிக்கொண்டாள். தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்க வேண்டும். ஊசி இல்லாத சிரிஞ்சால் பக்கவாட்டில் புகட்ட வேண்டும். நேராகப் பீய்ச்சினால் மூச்சுக்குழாயில் போய்விடும். அவசரம் கூடாது. புல் எப்போதும் கிடக்கட்டும், அது தொடாவிட்டாலும். தினம் காலையில் ஒரே நேரத்தில், தீனிக்கு முன்னால் எடை போட வேண்டும்.

"என் தராசு உங்கப்பாகிட்ட மாட்டிக்கிட்டிருக்கு. அதனால நீ சொல்ற எடையைத்தான் நான் நம்பணும். சரியா?"

"எங்கப்பா தராசு தப்பாக் காட்டாது," என்றாள்.

மறுநாள் காலை கடையிலிருந்த ஒரு தராசை அந்த அறையில் கொண்டுவந்து வைத்தேன். மட்டம் பார்த்தேன். எடைக்கற்களை வைத்துச் சரிபார்த்தேன். முயலைத் தட்டில் வைத்ததும் அது குதித்து இறங்கியது. மறுபடி வைத்தோம். மறுபடி இறங்கியது.

"துணில சுத்திடலாம்," என்று மகள் அலமாரியைத் திறந்தாள்.

அவள் எடுத்தது அம்மாவின் நைட்டி. நீலப் பருத்தி. இடுப்புக்குக் கீழே வெட்டி எடுத்திருந்தாள். எப்போது வெட்டினாள் என்று தெரியவில்லை. ஓரம் மடித்துத் தைத்தது அப்படியே இருந்தது. துணியை மட்டும் தட்டில் போட்டு எடை பார்த்தேன்.

"எண்பத்தஞ்சு. தினம் இதைக் கழிச்சுட்டு எழுது."

துணியோடு முயல் எழுநூற்று எண்பத்தேழு. துணி போக எழுநூற்று இரண்டு.

எழுத அட்டை தேடினாள். சுவரில் ஆணியில் அம்மாவின் ஆஸ்பத்திரி அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் கோடு போட்டு எழுதினாள். அன்றிலிருந்து அந்தப் பக்கம்தான் எங்களைப் பார்த்தது.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. தராசு காட்டாத எண்ணை எழுதக் கூடாது. அவளுக்கு எண் எழுதத் தெரிந்த நாளிலிருந்து நான் சொல்லிவந்தது. உத்தேசம், ஏறக்குறைய, நேற்று இருந்ததுதான் என்பதெல்லாம் கிடையாது. தராசு என்ன சொல்கிறதோ அது. அவள் ஒருநாளும் மீறியதில்லை.

தினமும் காலை ஆறு பத்துக்கு முயல் பின்னங்காலால் தரையைத் தட்டும். ஒருமுறை. பலமாக. ஆறு பத்து என் மனைவியின் முதல் மாத்திரை நேரம். கட்டிலின் சட்டத்தில் மோதிரத்தால் தட்டிக் கூப்பிடுவாள். முயலுக்கு இதை யாரும் சொல்லியிருக்க முடியாது. காலை வெளிச்சத்தில் அது விழிக்கும் நேரம் என்று நான் சொல்லிக்கொண்டேன். ஆனால் இரண்டு நாள் வானம் மூட்டமாக இருந்தது. அன்றும் ஆறு பத்துதான்.

தட்டிய சத்தம் கேட்டதும் மகள் எழுந்து போவாள். நான் பல் துலக்கிக்கொண்டே வாசற்படியில் நின்று எண்ணைப் பார்ப்பேன். எழுநூற்றுப் பன்னிரண்டு. எழுநூற்று இருபத்திரண்டு. எழுநூற்று முப்பத்திரண்டு.

"ஏறுது பாத்தியா," என்பாள்.

"ம்."

சாயங்காலம் புகட்டும்போது நான் பிடித்துக்கொள்வேன். அவள் சிரிஞ்சை வாயோரம் செருகி ஒவ்வொரு சொட்டாகத் தள்ளுவாள். பாதி உள்ளே போகும். பாதி என் சட்டையில். ஒருநாள் மைத்துனி கிட்டக் குனிந்து பார்த்தபோது துரை தும்மியது.

"அய்ய! மூஞ்சி பூரா! இன்ஸ்பெக்டரம்மா, உங்க துரைக்கு நான்னா அவ்வளவு எளக்காரமா?"

"நீதானே சித்தி இளைச்சதாப் பாத்துத் தூக்கிட்டு வந்த."

"கொழுத்ததைக் குடுத்தா உங்கப்பன் வேணாம்பாரு. இந்த வீட்டுல இளைச்சாத்தான் மதிப்பு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. முகத்தைத் துடைப்பதுபோலத் துண்டில் மறைத்துக்கொண்டாள். மகள் அடுத்த சொட்டைத் தள்ளினாள்.

என் விரல் முயலின் முதுகில் இருந்தது. முடிக்கு அடியில் எலும்பு ஒவ்வொரு கணுவாகத் தட்டுப்பட்டது. அன்று அட்டையில் எழுநூற்று எண்பத்திரண்டு. என் கை எழுநூறு என்றது.

கையை நம்பாதே. எங்கள் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது அதுதான்.

என் எடைக்கற்கள் ஒரு மரப்பெட்டியில் இருக்கும். பித்தளை. ஒரு கிராமிலிருந்து ஐநூறு வரை. ஒவ்வொன்றுக்கும் அதனதன் அளவில் ஒரு குழி, உள்ளே பச்சை வெல்வெட். ஒன்று குறைந்தாலும் மூடியைத் திறந்ததும் தெரிந்துவிடும். அதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

முயல் வந்து ஒரு வாரத்தில் சிறிய கற்கள் காணாமல்போயின. ஒன்று, இரண்டில் ஒன்று, ஐந்து. பிறகு பத்து. அடுத்த நாள் பத்து வந்துவிட்டது, இருபது போயிருந்தது. அதற்கடுத்த நாள் இரண்டும் இல்லை. கடையில் நான் ஒருவன்தான். பள்ளி விட்டதும் மகள் வந்து பின்னறையில் வீட்டுப்பாடம் எழுதுவாள். வேறு யாரும் வருவதில்லை.

போன வருஷமும் குழிகள் காலியாயின.

மருந்து ஏற்ற வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போவோம். உள்ளே போகும் முன் எடை. நாற்பதுக்குக் கீழே போனால் மருந்து கிடையாது, உடம்பு தாங்காது என்று சொல்லியிருந்தார்கள். மருந்து இல்லையென்றால் வேறு வழி இல்லை என்றும் சொல்லியிருந்தார்கள். அவள் எப்போதும் அந்த நீல நைட்டியில் வருவாள். மற்றது உறுத்துகிறது என்பாள். மேலே ஒரு சால்வை. ஐந்து வாரம். ஐந்து வாரமும் நாற்பது புள்ளி இரண்டு.

"நல்லாப் பிடிச்சு நிக்கறீங்க," என்று நர்ஸ் சொன்னாள்.

உயிருள்ள உடம்பு ஒரே எண்ணில் நிற்காது. தண்ணீர் குடித்தால் ஏறும். வேர்த்தால் இறங்கும். இது யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். ஒவ்வொரு வாரமும் கட்டிலிலிருந்து அவளைத் தூக்கி நிறுத்தியவன் நான். என் கைக்கும் தெரியும். கடையில் பெட்டியைத் திறந்தால் ஐநூறு இல்லை, இருநூறுகள் இல்லை.

நான் கேட்கவில்லை. நாற்பது புள்ளி இரண்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். எடைக்கு ஏற்ற மருந்து ஏறியது. ஐந்தாவது வாரத்துக்குப் பிறகு அவள் எழுந்திருக்கவில்லை. நோயா, மருந்தா என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. கேட்டால் நோய் என்பார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் கடையைத் திறந்தேன். பெட்டி நிறைந்திருந்தது. ஒவ்வொரு கல்லும் அதன் குழியில். யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை.

இப்போது மறுபடி.

அந்த இரண்டு வாரமும் நான் செய்ததைச் சொல்கிறேன். மகள் வரும் நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு வெளியே போய்விடுவேன். தெருமுனையில் ஐந்து நிமிடம் நிற்பேன். எடுப்பது என் மனைவி என்று நினைத்துக்கொள்வேன். அது பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். திரும்பி வந்ததும் எந்தக் குழி காலி என்று பார்ப்பேன். எட்டு மாதத்தில் அவள் எனக்குக் காட்டிய ஒரே அடையாளம் அது. அதை நானே கேட்டுக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா?

இருபத்தோராம் நாள் காலை தராசு தொள்ளாயிரத்து எண்பத்தேழு காட்டியது. துணி போக தொள்ளாயிரத்து இரண்டு. மகள் எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டாள்.

"இன்னிக்கே பண்ணிடலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. சித்தி லீவு போட்டிருக்கா. நீ நேரா அங்க வந்துடு."

"டாக்டர் தராசும் இன்னிக்கு ரெடி. எடுத்துட்டு வரேன்."

அவள் துணியைச் சுருட்டிக் கூடையில் வைத்தாள். "சரி," என்றாள், என்னைப் பார்க்காமல்.

கடையில் புதுச் சென்சாரைப் பொருத்தி முடித்தேன். ஐநூறு வைத்தேன். சரி. இருநூறு வைத்தேன். சரி. நூறுக்குக் கை போனது. குழி காலி.

மற்றதையும் பார்த்தேன். ஐம்பது இல்லை. இருபதில் ஒன்று இல்லை. பத்து இல்லை. ஐந்து, இரண்டு, ஒன்று. கூட்ட வேண்டாம் என்று நினைத்தேன். முப்பது வருஷமாகக் கூட்டிய தலை அதுவாகக் கூட்டியது. நூற்று எண்பத்தெட்டு.

தொள்ளாயிரத்து இரண்டில் அது போனால் எழுநூற்றுப் பதினான்கு. இருபது நாளில் பன்னிரண்டு கிராம்.

அட்டையை மனதில் ஓட்டிப் பார்த்தேன். எழுநூற்று இரண்டு, பன்னிரண்டு, இருபத்திரண்டு, முப்பத்திரண்டு. தினம் சரியாகப் பத்து, ஒருநாள்கூட ஒன்பது இல்லை. ஒருநாள்கூட இறங்கவில்லை. குட்டி முயல் அப்படி ஏறாது. எதுவும் அப்படி ஏறாது. துணியை நான் முதல் நாள் ஒரே ஒருமுறை எடை போட்டேன். பிறகு போடவே இல்லை. கடைக்காரர் ஒருவர் இப்படிச் செய்திருந்தால் அவர் முகத்துக்கு நேரே சிரித்திருப்பேன்.

தராசைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

டாக்டர் வீட்டு வாசலில் இரண்டு பூனைக் கூடைகளும் ஒரு கிளியும் காத்திருந்தன. உள்ளே மைத்துனி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மகள் மேசையோரம். முயல் நீலத் துணிக்குள், காது மட்டும் வெளியே.

"வாங்க தராசுக்காரரே," என்றார் டாக்டர். "அதை அப்படி ஓரமா வையுங்க. அப்புறம் பிரிச்சுக்கலாம். வெளிய கூட்டம் இருக்கு." மகள் பக்கம் திரும்பினார். "எவ்வளவு?"

"தொள்ளாயிரத்து ரெண்டு."

"கெட்டிக்காரி. ரெண்டு கிராம் போனஸா?" டாக்டர் சின்ன பாட்டிலைக் கவிழ்த்துச் சிரிஞ்சில் மருந்தை இழுத்தார். வெளிச்சத்தில் பிடித்து அளவைப் பார்த்தார். ஒரு சொட்டைத் தள்ளிவிட்டார்.

நான் தராசைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். இதே மாதிரி நின்றிருக்கிறேன். அன்றும் கையில் ஏதோ இருந்தது. என் மனைவியின் செருப்பு. எடை மேடையில் ஏறும்போது கழற்றி என்னிடம் கொடுத்திருந்தாள்.

டாக்டர் துணியை விலக்க ஆரம்பித்தார்.

"டாக்டரம்மா, நில்லுங்க," என்றேன். "அந்த எடை தப்பு."

"அப்பா!"

"மறுபடி போடணும். துணி இல்லாம."

"அப்பா, வேணாம்பா. தொள்ளாயிரம் இல்லன்னா தொட மாட்டாங்க. செத்துடும்பா."

மைத்துனி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன மாமா? என்னடி?"

நான் தராசின் அட்டைப்பெட்டியைப் பிரித்தேன். தராசை மேசையில் வைத்து மட்டம் பார்த்தேன். மட்டக் குமிழி நடுவில் நிற்க நேரம் ஆனது. டாக்டர் சிரிஞ்சுக்கு மூடி போட்டார்.

துணி இல்லாத முயலை இரண்டு கையாலும் தட்டின்மேல் பிடித்தேன். அது குதிக்கவில்லை. கையை எடுத்தேன். எழுநூற்றுப் பத்து. காலையிலிருந்து நாலு கிராம் புழுக்கையாகப் போயிருக்கும்.

டாக்டர் எண்ணைப் பார்த்தார். சிரிஞ்சைப் பார்த்தார். அதைக் குப்பைக் கூடையில் போட்டார்.

"இதைப் போட்டிருந்தேன்னா முழிச்சிருக்காது," என்றார்.

நான் துணியை எடுத்து ஓரத்தைத் தடவினேன். மடிப்புக்குள் வரிசையாகச் சின்னச் சின்னப் பைகள். நெருக்கமான தையல். ஒவ்வொன்றாக அமுக்கி வெளியே எடுத்து மேசையில் வைத்தேன். நூறு. ஐம்பது. இருபது. பத்து. ஐந்து. இரண்டு. ஒன்று. டாக்டர் ஒவ்வொன்றையும் பார்த்தார். மகளைத் திட்டுவார் என்று நினைத்தேன்.

"இன்னிக்கு வேணாம்," என்றார். "வலிக்கு மருந்து தரேன். அதை முதல்லயே தந்திருக்கணும். என் மேலயும் தப்பு இருக்கு. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை புகட்டுங்க. எண்ணூறு வரட்டும், துணிஞ்சு பண்ணிடறேன். இனி எடை இங்க, என் தராசுல, துணி இல்லாம." பிறகு மகளிடம், "நீ எழுதின எண்ணைப் பாத்துத்தான் நான் மருந்து இழுத்தேன். தெரியுதா?"

மகள் தலையாட்டினாள். முயலின் காதைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மைத்துனி வேறு வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நாங்கள் இருவரும் நடந்து வந்தோம். கூடை என் கையில். எடைக்கற்கள் என் சட்டைப் பையில்.

"நான் பொய் எழுதல," என்றாள். "தராசு காட்டினதைத்தான் எழுதினேன்."

"தெரியும்."

"அம்மாவுக்கு மருந்து கிடைச்சுதுல்ல?"

"கிடைச்சுது."

"கல்லு வைக்கலன்னா கிடைச்சிருக்காதுல்ல?"

"கிடைச்சிருக்காது."

அவள் கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். "அம்மாவுக்கு விரல் மரத்துப்போச்சு. ஊசி பிடிக்க வராது. நான்தான் தைச்சேன். பை பையா. கல்லு ஆடக் கூடாதுன்னு."

"பெட்டில திரும்ப வச்சதும் நீதான்."

"ஆமா."

தெரு விளக்குக் கம்பத்தின் கீழ் நின்றேன். "எனக்கு அப்பவே தெரியும்," என்றேன். "தெரிஞ்சும் சொல்லல."

"எனக்கும் தெரியும்," என்றாள். "அம்மா சொன்னா. உங்கப்பாவுக்குத் தெரியும், ஆனா கேக்க மாட்டார், அதனால பயப்படாம தையின்னு."

கூடைக்குள் முயல் பல்லைக் கடிக்க ஆரம்பித்தது.

வலி மருந்து கொடுத்த இரண்டாம் நாள் அது ஒரு புல்லை முழுதாகத் தின்றது. நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். அந்த ஒரு புல்லுக்குப் பத்து நிமிடம் ஆனது.

நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை புகட்டினோம். பகலில் நான் கூடையைக் கடைக்குக் கொண்டுபோனேன். தராசு கொண்டுவருகிறவர்கள் குனிந்து பார்த்து, இது எவ்வளவு இருக்கும் என்று பந்தயம் கட்டினார்கள். சாயங்காலம் டாக்டர் வீட்டில் எடை. எழுநூற்றெட்டு. எழுநூற்றுப் பதினாறு. எழுநூற்றுப் பதினொன்று. எழுநூற்று இருபத்தாறு. எழுநூற்று இருபத்தைந்து. கோணல்மாணலான எண்கள். மகள் ஒவ்வொன்றையும் எழுதினாள். இறங்கிய நாளில் எழுத்து சின்னதாக இருக்கும்.

எண்ணூற்று நான்கு வர முப்பத்தோரு நாள் ஆனது. டாக்டர் பல்லைச் சீவினார். முயல் மேசையில் துணியைப்போல் கிடந்தது. மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாற்பது நிமிடம் கழித்து அதன் மூக்கு அசைந்தது.

"துரை முழிச்சாச்சு," என்றார் டாக்டர். "என்ன வச்சாலும் குறை சொல்லும். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

அதன் பிறகு அது தின்றுகொண்டே இருந்தது. மைத்துனி புல்லைக் கட்டுக்கட்டாக வாங்கிவந்து போட்டுவிட்டு, "இப்ப இது ஆபீசுக்குப் போனாத்தான் கட்டுப்படியாகும் மாமா," என்றாள். தொள்ளாயிரத்தைத் தாண்டிய அன்று அட்டையின் பின்பக்கத்தில் இடம் தீர்ந்தது. மகள் அதை ஆணியிலிருந்து எடுத்துத் திருப்பினாள். ஐந்து வரிசை. ஐந்து நாற்பது புள்ளி இரண்டு. ஐந்து கையெழுத்து.

அதை மேசையில் வைத்து இருவரும் உட்கார்ந்தோம். நான் பேனாவை எடுத்தேன்.

"முதல் வாரம் நீயும் அம்மாவும் எவ்வளவு வச்சீங்க?"

"ஐநூறும் ஒரு இருநூறும்."

"ரெண்டாவது?"

"இன்னொரு இருநூறு."

"மூணாவது வாரம் நூறும் சேந்திருக்கும். சரியா ஒரு கிலோ."

"ஆமா."

பெட்டியில் உள்ள எல்லாக் கல்லும் சேர்ந்து ஒரு கிலோ நூற்றுப் பத்து. அதற்கு மேல் அவள் வைத்திருக்க முடியாது. கடைசி வாரம் முப்பத்தொன்பது இருந்திருப்பாள் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். என் கை முப்பத்தேழு என்றது. தூக்கித் தூக்கிக் கை மரத்துவிட்டது, அதனால்தான் லேசாகத் தெரிகிறது என்று இருந்துவிட்டேன். இத்தனை மாதமும் அந்த இரண்டு கிலோ என் கையின் பிழை என்று பிடித்துக்கொண்டுதான் தூங்கினேன்.

"கடைசி ரெண்டு வாரம் முழுப் பெட்டியும்," என்றேன்.

மகள் அட்டையின் ஓரத்தை நெருடினாள்.

"என்ன?"

"பெட்டி போதல அப்பா," என்றாள். "கடைல கீழ இரும்புக் கல்லு கிடக்கும்ல. நாலாவது வாரம் ஒரு கிலோ கல்லு. கடைசி வாரம் ரெண்டு கிலோ கல்லு. ரெண்டு வாரமும் பெட்டி முழுக்கவும், அதோட இதுவும். வயித்தோட சேத்துத் துணியால கட்டிவிட்டேன். நடக்க முடியல அம்மாவால."

அன்று காரிலிருந்து இறங்கி அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தது எனக்கு நினைவிருக்கிறது. வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். பல்லைக் கடித்தாள். சாய்ந்துகொள் என்று தோளைக் கொடுத்தேன். என்ன கனம் கனக்கிறாய் என்று சொன்னேன். அதற்கு அவள் சிரித்தாள்.

பேனாவை மேசையில் வைத்தேன். மகள் எடுத்துக்கொண்டாள்.

"எழுதவா?" என்றாள். பிறகு, "தராசு காட்டாததை எழுதக் கூடாதே."

"துணியைக் கழிச்சுட்டு எழுதலாம்," என்றேன்.

அவள் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் கழித்து எழுதினாள். முப்பத்தொன்பது புள்ளி ஐந்து. முப்பத்தொன்பது புள்ளி மூன்று. முப்பத்தொன்பது புள்ளி இரண்டு. முப்பத்தெட்டு புள்ளி ஒன்று. கடைசியில் கை நின்றது. முப்பத்தேழு புள்ளி ஒன்று.

உள்ளே இருந்து சத்தம் வந்தது. இருவரும் தலையைத் தூக்கினோம். கதவு சாத்தியிருந்தது. அவள் பேனாவைப் பிடித்தபடி இருந்தாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன்.

புல் மெல்லும் சத்தம்தான்.